கல்விக் கடன்: இ-சேவை வரிசையிலிருந்து நோ டியூஸ் கடிதம் வரை

நான் வாங்கிய கல்விக் கடன் 2,60,000 ரூபாய். முதல் டியூ கட்டப் போன அன்று என் பெயரில் நின்ற தொகை 3,69,000 சொச்சம்.

2011-ல் பொறியியல் சேர்ந்தபோது எங்கள் ஊர்க் கிளையில் வருடத்துக்கு 65,000 வீதம் நான்கு தவணையாகக் கொடுத்தார்கள். வட்டி 12 சதவீதம். "சப்சிடி தானா வந்துரும்மா, நீ படிப்பைப் பாரு" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். அப்பா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். வருமானச் சான்றிதழை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் அந்த மானியம் தானாக வருகிற வஸ்து இல்லை என்று தெரிந்தது. அரசாங்கம் கட்டியிருக்க வேண்டிய வட்டி அசலோடு ஏறி, அதற்கும் வட்டி ஓட ஆரம்பித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் படிக்கிற, சம்பளமோ கூலியோ வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. வெளிநாட்டுப் படிப்புக்குக் கணக்கே வேறு, அதற்குள் போகவில்லை.

முதலில், திருப்பிக் கட்ட வேண்டாத பணம்

கடன் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் சும்மா வரக்கூடிய பணம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருக்காமல் மே மாதமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற பதிவு எண்) இல்லாவிட்டால் முதலில் அதைப் பதிவு செய்வார்கள். பிறகு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் (இல்லாவிட்டால்), முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் ஒரே மூச்சில் விண்ணப்பம் போடலாம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று படியேறிப் போக வேண்டும். ஜூன், ஜூலையில் ஊரே அந்த வரிசையில் நிற்கும். ஒரு கையெழுத்துக்கு இரண்டு வாரம் இழுத்துவிடும். ரேஷன் கார்டு, அப்பா அம்மா ஆதார், சம்பளச் சீட்டு இருந்தால் அது, முதல் பட்டதாரிக்கு அண்ணன் அக்காவின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சனியன் உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகா மு" என்று இருக்கும். ஆதாரில் "மு கார்த்திகா". பான் கார்டு எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து "கார்த்திகா முருகன்" ஆக்கிவிடுவார்கள். வங்கிக் கம்ப்யூட்டருக்கு இது மூன்று தனித்தனிப் பெண்கள். போன வருடம் ஒரு பிள்ளையின் கடன் இந்த ஒரு 'மு'வுக்காக மூன்று வாரம் நின்றது. மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மே மாதத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். பான் எடுக்கும்போதும் கவனியுங்கள்.

இனி என்னென்ன உதவி உண்டு என்று பார்ப்போம்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதி, கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. அப்படிப்பட்ட ஒரு பையனின் அப்பா என்னிடம் வந்து, "லோன் எவ்வளவு போடலாம் தாயி?" என்று கேட்டார். உங்களுக்கு லோனே வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீண்டது. கல்லூரியில் யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவருக்கு அரசுத் தளம் கொடுக்கிற அடையாள எண்) போட்டுப் பதிவு செய்தால்தான் பணம் ஓடும். 1,000 ரூபாய்தானே என்று அலட்சியமாகப் பேசாதீர்கள். இந்த ஆயிரத்தை வைத்து என்ன செய்யலாம் என்று பின்னால் ஒரு கணக்கு காட்டுகிறேன்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கும் தனித் திட்டங்கள் இருக்கின்றன. கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க்கை முதல் வாரமே பார்த்துப் பேசிவிடுங்கள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை, இளநிலைப் படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு 4.5 லட்சம். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முதலாண்டு சேரும் பெண் பிள்ளைகளுக்குப் பிரகதி திட்டத்தில் வருடம் 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. இந்தப் பிரகதியை எங்கள் பக்கம் பத்தில் ஒருவர் கூடக் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பணமெல்லாம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். எந்தக் கணக்கு கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ, அந்த ஒன்றுக்கு மட்டும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கில் பணம் விழுந்துகொண்டிருக்க, பாஸ்புக்கைத் தொலைத்துவிட்டு "உதவித்தொகை வரவே இல்லை" என்று அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் "ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கலந்தாய்வா, நேரடிச் சேர்க்கையா

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மே மாதம் போனில் ஏஜென்ட் கூப்பிடுவார். "கவுன்சலிங் எல்லாம் ரிஸ்க் சார், சீட் முடிஞ்சிரும், லோன் நாங்களே போட்டுத் தர்றோம்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிட்டால் முதல் பட்டதாரி சலுகை போயிற்று. 7.5 சதவீதம் போயிற்று. கீழே சொல்லப்போகிற பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டமும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. வங்கி மேனேஜரும் கலந்தாய்வில் கொடுக்கிற அலாட்மென்ட் ஆர்டரைத்தான் முதலில் கேட்பார். கட்டணமும் கூடுதல், உதவியும் இல்லை, கடனும் சிக்கல். என் அபிப்பிராயம் கொஞ்சம் முரட்டுத்தனமானது: கலந்தாய்வில் கிடைக்கிற இரண்டாந்தர விருப்பம், கடன்பட்டுச் சேர்கிற முதல்தர விருப்பத்தைவிட மேல்.

எவ்வளவு வாங்கலாம்

ஒரு தாளில் நான்கு வருடச் செலவை வருடவாரியாக எழுதுங்கள்: கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விடுதி, புத்தகம், லேப்டாப், பஸ். இவை எல்லாமே கல்விக் கடனில் சேர்க்கக்கூடியவைதான் (பஸ் மட்டும் வங்கிக்கு வங்கி மாறும்). அதிலிருந்து மேலே சொன்ன உதவிகளைக் கழியுங்கள். வீட்டால் முடிந்ததைக் கழியுங்கள். மிச்சம்தான் கடன். "அஞ்சு லட்சம் வரைக்கும் தர்றாங்களாம், வாங்கி வச்சுக்குவோம்" என்று ஒருபோதும் வேண்டாம்.

வங்கிகள் பின்பற்றுகிற இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இப்படி இருக்கிறது. 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கையிலிருந்து போட வேண்டிய பங்கும் இல்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. அதை மார்ஜின் என்பார்கள். முழுவதையும் முதல் நாளே கட்ட வேண்டியதில்லை, வருடா வருடம் பணம் விடும்போது அந்தந்த அளவுக்குக் கட்டலாம். ஸ்காலர்ஷிப் பணத்தையும் அதில் கணக்குக் காட்டலாம். 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. அதற்கு அரசின் கடன் உத்தரவாத நிதி பின்னால் நிற்கிறது. அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் என்று பேச்சு வரும்.

2024 நவம்பர் 6-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி கொஞ்சம் வேறு. என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் (860-ல் ஆரம்பித்தது, பட்டியல் வருடந்தோறும் மாறும்) தகுதி அடிப்படையில் சேர்ந்தவருக்கு அடமானமும் இல்லை, ஜாமீனும் இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுபவருக்கு அது கிடையாது, வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர் என்ற வரம்பும் இருக்கிறது. பி.எம். வித்யாலட்சுமி இணையதளத்தில் உங்கள் கல்லூரி பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வந்தால் அதிலேயே போடுங்கள்.

நான் கோட்டைவிட்ட மானியம்

2009-10-லிருந்து நடப்பது இது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் சேர்த்து வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டிவிடும். இப்போது 10 லட்சம் வரையான கடனுக்குப் பொருந்தும். நிபந்தனைகள் உண்டு: கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்றோ படிப்புக்கு என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் வாரியம்) அங்கீகாரமோ இருக்க வேண்டும் (செவிலியர் போன்ற படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சிலின் ஒப்புதல்). இளநிலையோ முதுநிலையோ ஒரு முறைதான். உடல்நலக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நடுவில் படிப்பை விட்டால் மானியம் இல்லை.

வருமானச் சான்றிதழைக் கொடுப்பது நம் வேலை. அதைக் கணினியில் ஏற்றி இந்த மானியத்துக்குப் பொறுப்பான நோடல் வங்கியான கனரா வங்கிக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டியது கடன் கொடுத்த கிளையின் வேலை. கிளையில் ஆள் மாறுவார், மேனேஜர் மாறுவார், உங்கள் தாள் ஒரு அலமாரிக்குள் போய்விடும். அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். சான்றிதழை ஒரு கவரிங் லெட்டரோடு கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பி.எம். வித்யாலட்சுமி தளத்தில் போட்டவர்கள் கடனுக்கு விண்ணப்பித்ததோடு நிற்காமல் வட்டிச் சலுகைக்கும் அங்கேயே விண்ணப்பியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் எடுத்து, மானியம் என்று ஏதாவது வரவு விழுந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டவளுக்கு என்ன ஆயிற்று என்று மேலே படித்தீர்களே.

விண்ணப்பம்

2015 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய வித்யாலட்சுமி தளத்தில் (மேலே சொன்ன பி.எம். வித்யாலட்சுமி தளம் வேறு) ஒரே படிவத்தில் மூன்று வங்கிகள் வரை விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் போட்டாலும் கிளைக்கு ஒரு நடை போய்த்தான் ஆக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: அலாட்மென்ட் ஆர்டர், கல்லூரி கொடுத்த போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று), நான்கு வருடத்துக்கும் சேர்த்த கட்டண விவரம் (சீலோடு), பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், மாணவர், பெற்றோர் இருவரின் ஆதார், பான், வருமானச் சான்றிதழ், பெற்றோரின் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், போட்டோ. கட்டண விவரத்தில் விடுதியையும் தேர்வுக் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். முதலாண்டுக்கு மட்டும் கொடுத்தால் இன்னொரு நடை.

பொதுவாகக் கவுன்டரில் நடப்பது இது:

"எந்த ஊரும்மா?"

"கழுகுமலை சார்."

"அது எங்க ஏரியா இல்லையே. அங்க இருக்கற பிராஞ்ச்சுல போய்க் கேளுங்க."

வீடு சர்வீஸ் ஏரியாவில் (அந்தக் கிளைக்கு ஒதுக்கிய பகுதியில்) இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "சரி சார், அதையே எழுத்துல குடுத்துருங்க, அங்க காட்டணும்" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பாதி மறுப்புகள் மறைந்துவிடும். நிராகரிப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணம் காட்டித்தான் செய்ய வேண்டும் என்பது மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பத்தின் பயன் இங்கேதான்: எண்ணும் தேதியும் பதிவாகி நிற்கும், "நீங்க வரவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

எழுதிக் கொடுத்த புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (வங்கிக் குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே புகார் போடலாம். உதவி எண் 14448. கட்டணம் ஒன்றும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால், அது முன்னோடி வங்கி மேலாளரிடம் (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைப்பவர்) போகும். எங்கள் பக்கம் இந்த வழிதான் சீக்கிரம் வேலை செய்கிறது.

அப்பாவின் சிபில் (வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்ற பதிவு) மோசமாக இருந்தால்? பழைய நகைக் கடனோ, யாருக்கோ போட்ட ஜாமீனோ கழுத்தைப் பிடிக்கும். முதலில் அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுவது ரொம்ப சகஜம், திருத்தச் சொல்லலாம். இல்லாவிட்டால் அம்மாவை இணைக் கடன்தாரராக வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

சேங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்) வந்ததும் கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் மூன்று வரிகளைப் படிக்காமல் விடாதீர்கள்: வட்டி விகிதம் மாறக்கூடியதா, திருப்பிக் கட்டுவது எந்த மாதம் தொடங்குகிறது, கடனோடு காப்பீடு எதையாவது சேர்த்திருக்கிறார்களா. காப்பீடு கெட்டதில்லை, ஆனால் பிரீமியத்தையும் கடனில் ஏற்றினால் அதற்கும் வட்டி ஓடும். பணம் நேரே கல்லூரிக்குத்தான் போகும். ஒவ்வொரு வருடமும் மதிப்பெண், கட்டண நோட்டீஸ் இரண்டையும் கல்லூரி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கிளையில் கொடுத்துவிடுங்கள். அபராதக் கட்டணம் கட்டியவர்கள் எல்லாரும் இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான்.

சத்தமில்லாத ஐந்து வருடம்

படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. வங்கியில் மொரட்டோரியம் என்பார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை. இந்தக் காலத்தில் தனிவட்டி. முடிந்ததும் சேர்ந்த வட்டியை அசலோடு கூட்டித்தான் தவணை போடுவார்கள்.

கணக்காகப் பார்ப்போம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 7,136 ரூபாய். மொத்தம் கட்டுவது 8,56,000.

வட்டி மானியம் கிடைத்தால்? கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். மாதம் 5,286. மொத்தம் 6,34,000. வித்தியாசம் 2,22,000 ரூபாய். ஒரு வருமானச் சான்றிதழின் விலை இது.

மானியத்துக்குத் தகுதி இல்லாத வீடு என்றால், இப்போது அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். முதல் வருடத்தில் வட்டி மாதம் 833 ரூபாய்தான். இரண்டாம் வருடம் 1,667. மூன்றாம் வருடம் 2,500. அதன் பிறகு 3,333. மாதம் வருகிற ஆயிரத்தைக் கடன் கணக்கில் போட்டாலே முதல் வருட வட்டி அடங்கிவிடும். ஐந்து வருடமும் வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தால் மொத்தச் செலவு 7,74,000. எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். படிக்கும்போதே வட்டியை ஒழுங்காகக் கட்டுபவருக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வட்டி குறைத்துக்கொள்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். முழுதாக முடியாவிட்டாலும் தீபாவளிக்கு மாமா கொடுத்த இரண்டாயிரத்தைப் போட்டாலும் கணக்குக் கணக்குதான்.

டியூ கட்டும் காலம்

படிப்பு முடிந்த மாதமே கிளைக்குப் போய், புதிய போன் நம்பர், வேலை பார்க்கும் ஊர் முகவரி கொடுத்துவிடுங்கள். சிம்மை மாற்றியதால் வங்கியின் செய்தி போகாமல், நோட்டீஸ் ஊரில் பாட்டி கையில் கிடைத்து, கடன் வாராக் கடனாகிப் போன கதைகள் எனக்கு நான்கைந்து தெரியும்.

திருப்பிக் கட்டும் காலம் 15 வருடம் வரை இருக்கலாம். மேலே சொன்ன 5,40,000-த்தை 15 வருடத்துக்கு நீட்டினால் மாதம் 5,803 ரூபாய். ஆனால் மொத்தம் 10,44,000. ஏழு வருடத்தில் என்றால் மாதம் 8,965, மொத்தம் 7,53,000. என் யோசனை: கையெழுத்தை நீண்ட காலத்துக்குப் போடுங்கள், கட்டுவதைக் குறுகிய கால வேகத்தில் கட்டுங்கள். முதல் வேலையில் சம்பளம் 15,000 என்றால் தவணை சின்னதாக இருப்பதுதான் பாதுகாப்பு. சம்பளம் ஏறும்போது கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியில் இருக்கிற தனிநபர் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது.

பத்து வருடக் கணக்கில் முதல் மாதம் கட்டுகிற 7,136-ல் 4,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,636-தான். அதனால் ஆரம்பத்தில் போடுகிற கூடுதல் பணத்துக்குப் பலம் அதிகம். முதல் வருட முடிவில் போனஸில் 50,000 கட்டினால் கடைசியில் ஏறக்குறைய 16 தவணை கழன்றுவிடும். அதாவது 1,14,000 ரூபாய். கட்டும்போது "தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்களாகத் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஆட்டோ டெபிட் போட்டால் சம்பளம் ஏறும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை பவுன்ஸ் ஆனால் கட்டணம் இரண்டு பக்கமும் விழும்.

பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு, 80ஈ என்று நாம் சொல்லிப் பழகிய கழிவு, கட்டிய வட்டி முழுவதுக்கும், கட்டத் தொடங்கியதிலிருந்து எட்டு வருடத்துக்கு உண்டு. அசலுக்கு இல்லை. புதிய முறையில் இது கிடையாது.

கட்ட முடியாமல் போனால்

வேலை போய்விட்டது, அப்பாவுக்கு ஆபரேஷன், என்னவானாலும் சரி: தவணை தவறுவதற்கு முன்னால் கிளைக்குப் போங்கள். வேலையில்லாத காலத்துக்கு இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்தி வைக்க மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. சம்பளம் ஏற ஏறத் தவணை கூடுகிற மாதிரி அமைக்கவும் கேட்கலாம். மேல்படிப்புக்குச் சேர்ந்தால் அந்தக் காலத்துக்கும் அவகாசம் கேட்கலாம். எல்லாம் எழுத்தில், நகலில் சீலோடு.

90 நாள் தவறினால் வாராக் கடன் பட்டியல். உங்கள் சிபிலோடு அப்பாவின் சிபிலும் போகும். தங்கைக்கு அடுத்த வருடம் கடன் கேட்கப் போனால் அங்கே வந்து நிற்கும். "தேர்தல் வருது, தள்ளுபடி பண்ணிருவாங்க" என்று டீக்கடையில் சொல்வதைக் கேட்டு எட்டு வருடம் கட்டாமல் இருந்தவர் எங்கள் ஊரிலேயே உண்டு. தள்ளுபடி வரவில்லை, வட்டிதான் வந்தது.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது. அசிங்கமாகப் பேசினால் பதிவு செய்து வங்கிக்கும் பிறகு ஆம்பட்ஸ்மேனுக்கும் அனுப்புங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஒரே தொகையாகச் சமரசம் பேசி முடிக்கலாம், கணிசமாகக் குறைப்பார்கள். ஆனால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும். முழுதாகக் கட்டினால் விழுகிற 'குளோஸ்டு' வேறு. பின்னால் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு வார்த்தை பெரிய தடையாக நிற்கும்.

கடைசித் தவணை அன்று

கட்டிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மிச்சம் 43 ரூபாய் நின்று, அது வட்டியோடு வளர்ந்து, இரண்டு வருடம் கழித்து 'பாக்கி' என்று சிபிலில் காட்டுவது உண்டு. முடிக்கும் தேதிக்கான சரியான தொகையை எழுத்தில் வாங்கி, அதைக் கட்டி, கணக்கு மூடிய ஸ்டேட்மென்ட்டும் நோ டியூஸ் கடிதமும் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) வாங்குங்கள். ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். பத்திரம் அடமானம் வைத்திருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரிலும் அப்பா பெயரிலும் 'குளோஸ்டு' விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் நோ டியூஸ் கடிதத்தில் பெயர் தப்பாக இருந்தது. இனிஷியல்தான். திருத்தி வாங்க இன்னொரு நடை போனேன்.